வண்டிக்கு ஒரு சாட்சி

மே 6
லோடு வண்டிக்குக் கேமரா மாட்டியாயிற்று. முன் கண்ணாடியில் ரப்பர் ஒட்டில் தொங்குகிறது, எலுமிச்சம்பழம் அளவு. ஆன்லைனில் இருந்ததிலேயே மலிவு. டீக்கடையில் அதையா சொல்ல முடியும்? ஜப்பான்காரன் சரக்கு, மணியாச்சியில் நிற்கிற ரயிலின் நம்பரைக் கோவில்பட்டியிலிருந்தே படிக்கும், சாவியைப் பிடுங்கினாலும் பதிவு நிற்காது என்றேன். பக்கத்து வீட்டு யோவான் சிரித்ததில் டீ சிந்திவிட்டது.
"அப்ப எம் பொண்டாட்டி கொழம்புக்கு உப்பு போட்டாளான்னும் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

மே 9
வெயிலில் ரப்பர் இளகி, கேமரா மடியில் விழுந்தது. டேப் ஒட்டினேன். இஞ்சினியரும் இதைத்தான் செய்வான்.

மே 13
புதியம்புத்தூரில் ரெடிமேட் மூட்டை ஏற்றி வந்தேன். பதிவைப் போட்டுப் பார்த்தால், முன்னால் போன லாரியின் நம்பர் வெறும் வெள்ளைக் கட்டம். ராத்திரிப் படம் கரிசலைக் கரைத்து ஊற்றினாற்போல. தேதி வேறு தினமும் 2019 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடுகிறது. சத்தம் மட்டும் சுத்தம். இண்டிகேட்டரின் டிக் டிக் கூடக் கேட்கிறது.

மே 14
செல்போன் கடை அருண்பாண்டியன் மெமரி கார்டை அழித்துப் புதுசாக்கிக் கொடுத்தான். "வயர் பின்னு லூசு. பள்ளத்துல எறங்குனா ஆஃப் ஆயிரும். வேற வாங்குங்க அண்ணாச்சி." வேறயாம்! தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகினேன். கல் மாதிரி நிற்கிறது.

மே 20
எங்கள் தெருவுக்குள் திரும்ப வலது இண்டிகேட்டர் போட்டேன். நாலு பர்லாங்குக்கு முன்னாலேயே — இல்லை, பால் டிப்போ பக்கத்தில். போட்டேன். பின்னால் வந்த பைக் வலப்பக்கமாக முந்தி, பம்பரில் மோதி விழுந்தது. பார்த்தால் யோவான். கால் எலும்பு முறிந்துவிட்டது. போட்டேன்லா, அவன் ஏன் பாக்கல?

மே 21
ஆஸ்பத்திரியில் யோவான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "நீங்க இண்டிகேட்டர் போடல அண்ணாச்சி." அவன் மனைவி ரூபிதான், "ரயிலு நம்பரயே படிக்கிற கேமரா இருக்குல்லா? போட்டுக் காட்டுங்க" என்றாள். காட்டுகிறேன் என்று வீறாப்பாக வந்தேன்.
கார்டில் கடைசிப் பதிவு எட்டயபுரம் தாண்டி ஒரு பள்ளத்தோடு நின்றுகிடக்கிறது.

மே 22
பதியவில்லை என்று போய் ரூபியிடம் சொன்னேன்.
"சாவியப் பிடுங்குனாலும் நிக்காதுன்னு நீங்கதான சொன்னிய? அழிச்சிட்டிய."
அருண்பாண்டியனைக் கூட்டிப் போனேன். அவன் வாயைத் திறந்ததும், "கார்ட அழிச்சது நெசந்தான், ஆனா அது போன வாரம்" என்றான். முதல் பாதிக்கு மேல் யார் காதிலும் விழவில்லை. பாவிப்பய.

மே 25
டீக்கடையில் நான் போனதும் பேச்சு நிற்கிறது. நான் ஒரு சொல் கூட்டிச் சொல்லாத ஒரே சங்கதி இதுதான். இதைப் போய் நம்ப மாட்டேன் என்கிறான்கள்.

ஜூன் 3
யோவானை வீட்டுக்கு அழைத்துவர, வண்டியில் மெத்தை விரித்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். ஆட்டோவில் ஏற்றிப் போய்விட்டார்கள். மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 4
மத்தியானம் சோறு போடும்போது என் வீட்டுக்காரி கனி கேட்டாள். "நெசமாவே இண்டிகேட்டர் போட்டியளா?"
"போட்டேன்."
அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. சரி என்று தலையாட்டினாள். முப்பது வருஷமாக என் கதைகளுக்கெல்லாம் போடுகிற அதே தலையாட்டல். ஆட்டிவிட்டு ரசம் ஊற்றினாள்.