ஆறு ஐம்பதுக்கு வந்த வண்டி

11-2-2025, செவ்வாய்

காலையில் இவருக்கு பிரஷர் 150/90. மாத்திரை போட்டாச்சு என்றார். அட்டையை எண்ணினால் இரண்டு அப்படியே இருக்கிறது. ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்தபோது ஊரார் பொய்யையெல்லாம் கண்டுபிடித்த மனுஷனாம். என்னிடம் சொல்வதற்கு மட்டும் கொஞ்சமும் கூச்சம் கிடையாது.

கண் ஆபரேஷன் பேச்சை மறுபடி எடுத்தேன். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, வலதில் பாதி. சித்திரை போகட்டும் என்கிறார். போன வருஷமும் இதே சித்திரையைத்தான் சொன்னார்.

சாயங்காலம் பென்ஷனர் சங்கக் கூட்டத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு காரைக்குடி போனார். 6.50க்கு வந்தார். ரைஸ்மில் தாண்டி வளைவில் <s>மாடு</s> குறுக்கே வந்து இடித்துவிட்டதாம். இடது பக்க விளக்கு உடைந்து, பம்பர் உள்ளே போயிருக்கிறது. காப்பி போட்டுக் கொடுத்தேன். 7.05க்கு பிரஷர் 180/100. படுக்க வைத்தேன்.

12-2, புதன்

காலை 5.30. பம்பரைக் கழுவினேன்.

13-2, வியாழன்

பால்காரம்மா சொல்லிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரைஸ்மில் வளைவில் சைக்கிளில் போன கொத்தனார் ஒருவரை ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். பெயர் சோணை. சிவகங்கைக்கு அனுப்பியிருக்கிறார்கள், நினைவில்லை.

உள்ளே வந்து அவரிடம் சொன்னேன். ரேடியோவைத் திருகிக்கொண்டே, "நம்ம மேல பட்டது மாடு" என்றார். நான் ஒன்றும் கேட்கவே இல்லையே.

நேற்று எழுதாமல் விட்டதை இன்று எழுதிவிடுகிறேன். பம்பருக்கும் விளக்குக்கும் நடுவில் துணி மாட்டியிருந்தது. ஒரு விரல் நீளம், நீலக் கட்டம் போட்டது. மாடு கைலி கட்டாது. முப்பத்திநாலு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவளுக்கு, தண்ணீரில் கரைந்து போனது எந்த ரத்தம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தத் துணியை வெந்நீர் அடுப்பில் போட்டேன். நான்தான் போட்டேன், அவர் இல்லை.

15-2, சனி

கேட்டுவிட்டேன். முதலில் கத்தினார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். நிறுத்தினாராம், இறங்கிப் பார்த்தாராம்.

"சைக்கிள் கெடந்துச்சு, சக்கரம் சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஆளு தெரியல. எனக்குக் கண்ணு தெரியலடி பாண்டீஸ்வரி."

ஆளைத் தேடினீகளா என்றேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஸ்டேஷனுக்குப் போவோம், வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். எழுபத்திரண்டு வயசு. மூன்று வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. இவரைக் கொண்டுபோய் அங்கே பெஞ்சில் உட்கார வைப்பதா? சோணை பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் — நினைக்க வேண்டியிருந்தது.

17-2, திங்கள்

காரை விற்றுவிட்டேன்.

காரைக்குடி செக்காலையில் காயலான் கடை வைத்திருக்கும் லட்சுமணனை வரச் சொன்னேன். மாருதி 800, பத்தொன்பது வருஷத்து வண்டி. சுற்றிச் சுற்றி வந்தான், பானட்டைத் திறந்து பார்த்தான். இன்ஜின் நன்றாக இருக்கிறது, இன்சூரன்ஸும் செப்டம்பர் வரை இருக்கிறது, ஓடுகிற வண்டியாகவே விற்றுத் தருகிறேன், கூடக் கிடைக்கும் என்றான். வேண்டாம், உடைத்துவிடு என்றேன். அவனுக்கு மனசே இல்லை.

"இது என்ன சிஸ்டர், மாடா?" என்று விளக்கைக் காட்டினான்.

"மாடு" என்றேன். எவ்வளவு லேசாக வருகிறது அந்த வார்த்தை.

கூடவே ஆட்டோவில் போனேன். கண் முன்னால் உடைக்க வேண்டும் என்றேன். இவ்வளவு அவசரம் எதற்கு என்று நினைத்திருப்பான், கேட்கவில்லை. 11.20க்கு கட்டரை வைத்தார்கள். முதலில் முன்பக்கம். ஒரு மணிக்குள் அது கார் என்று சொல்ல முடியாது. சேஸிஸ் நம்பர் இருந்த தகட்டை மட்டும் தனியாக வெட்டி என் கையில் கொடுத்தான். ஆர்.டி.ஓ. ஆபீசில் அதைக் கொடுத்துத்தான் ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டுமாம். இருபத்திரண்டாயிரம் கொடுத்தான். தகடு வெட்டின சூடு ஆறாமல் இருந்தது, சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தேன். பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து மகள் சத்தியப்பிரியா போன் செய்தாள். ஒரே சந்தோஷம் அவளுக்கு. "நல்ல வேலை செஞ்சம்மா. அப்பா கண்ண வச்சுக்கிட்டு யாரையாச்சும் இடிச்சுப்புடுவாகளோன்னு எனக்குத் தூக்கமே இல்ல" என்றாள்.

20-2, வியாழன்

சோணை இன்று காலை இறந்துவிட்டார். ஒன்பது நாள் கிடந்திருக்கிறார்.

23-2, ஞாயிறு

போன வருஷம் இவர் லைசென்ஸைப் புதுப்பிக்க மெடிக்கல் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். தெரிந்த டாக்டர் ஒருவரிடம் நானே பாரத்தைக் கொண்டுபோனேன். சிஸ்டர் கேட்டால் இல்லை என்பாரா, கண்ணைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதிய கட்டத்தில் டிக் அடித்தது யார்? நான்தான். அவர் கையில் சாவியைக் கொடுத்தது நான். இனி அவரை மட்டும் என்ன திட்டுவது!

12-3, புதன்

காலை 10.15. வாசலில் ஒரு பெண். நாற்பது வயசு இருக்கும், கையில் பிளாஸ்டிக் கவர். இந்தப் பக்கத்தில் யாருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு புரியாவிட்டாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள், அது வழக்கம்தான். வா, உட்கார் என்றேன். "எம் பேரு பொன்னுத்தாயி சிஸ்டர். ரைஸ்மில்லுகிட்ட வண்டி அடிச்சுச்சே, சோணை — அவரு வீட்டுக்காரி" என்றாள்.

கவரை வாங்கிக்கொண்டேன். என் கை நடுங்கவில்லை, அது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

கேஸ் ஷீட் நகல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த நேரம் 8.10. ஆடு ஓட்டிப் போன யாரோ முனகல் சத்தம் கேட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தொடை எலும்பு முறிந்து ரத்தம் நிறையப் போயிருக்கிறது. தலைக்காயம் கூட அவ்வளவு இல்லை. தொடை! ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாலே — யாராவது இறுக்கிக் கட்டியிருந்தால்.

6.50 எங்கே, 8.10 எங்கே. ரைஸ்மில் வளைவு இந்த வீட்டிலிருந்து பத்து நிமிஷம். இதைக் கட்டத் தெரிந்தவள் இங்கே உட்கார்ந்து புருஷனுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன எழுதியிருக்கு சிஸ்டர் என்றாள். ரத்தம் நிறையப் போயிருக்கிறது என்றேன். அது பொய் இல்லை.

அவள் வந்தது அதற்கு மட்டுமில்லை. வக்கீல் சொன்னாராம், இடித்த வண்டி எதுவென்று தெரியாவிட்டால் அரசாங்கம் ஏதோ ஒரு தொகையோடு நிறுத்திக்கொள்ளும், நம்பர் தெரிந்தால் இன்சூரன்ஸில் கேஸ் போட்டு நியாயமாக வாங்கலாம் என்று. இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் பன்னிரண்டாவது. ரோட்டில் கேமரா வைத்திருக்கிற கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

"யாரையும் செயிலுக்கு அனுப்பணும்னு இல்ல சிஸ்டர். அந்த வண்டி நம்பரு மட்டும் தெரிஞ்சாப் போதும். உங்ககிட்ட நாலு பேரு வாராக போறாக, யாராச்சும் சொன்னா எனக்குச் சொல்லுங்க."

சரி என்றேன்.

13-3, வியாழன்

பாலிசியை எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் தவறாமல் கட்டியிருக்கிறார். கட்டின காசுக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. அந்தக் காரைத்தான் நான் உடைத்துப் போட்டிருக்கிறேன்.

18-3, செவ்வாய்

பொன்னுத்தாயி மறுபடி வந்தாள். சீட்டுப் படித்துச் சொன்னதற்காகப் பனங்கிழங்கு ஒரு கட்டு கொண்டுவந்திருந்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. கேமராக்களில் பதிவு பதினைந்து நாளுக்கு மேல் இருக்காதாம், எல்லாக் கடையிலும் அழிந்துபோயிற்றாம். இனி எங்குட்டுப் போயி கேக்குறதுன்னு தெரியல சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என்னால் அந்தக் கிழங்கைத் தொட முடியவில்லை. அவித்து வைத்தேன். யார் கொடுத்தது என்று சொல்லித்தான் தட்டில் வைத்தேன். அவர் நார் உரித்து இரண்டு தின்றார். அந்த நேரத்தில் அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. நாற்பத்தியாறு வருஷத்தில் இப்படித் தோன்றியதே இல்லை.

22-3, சனி

காலையில் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை தகட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன், நீங்களும் வாங்க, வராவிட்டால் நான் மட்டும் போவேன் என்று. சாயங்காலம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார், 5.40க்குத் திரும்பினார். பீரோவைத் திறந்து பார்த்தேன். பட்டுச்சேலைகள் கலைந்து கிடந்தன.

"ஊருணித் தண்ணியில போட்டுட்டேன்" என்றார். "இனிமே வண்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னத்தக் கொண்டுபோயிக் குடுப்ப? பேசாம இரு."

நான் பேசாமல்தான் இருந்தேன். இந்த நோட்டு பிரஷர் நோட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரால் படிக்கவும் முடியாது.

24-3, திங்கள்

போகவில்லை. நாள் முழுக்க இந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரிப் பக்கத்தைக் கிழித்தால் முடிந்தது. அவரும் இருக்கிற கொஞ்ச நாளை வீட்டில் கழிப்பார். சத்தியா முகத்தில் நான் முழிக்கலாம். கிழிச்சிரு, கிழிச்சிருன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. அந்தப் பொம்பள கடை கடையா ஏறி எறங்குனாளே, அவளுக்கு யாரு இருக்கா?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது இது. கேஸ் ஷீட்டில் தப்பாக எழுதினால் கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, மை பூசக் கூடாது. பழைய எழுத்து தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

8.30க்கு 11-2ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். "மாடு" என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன். ஓரத்தில் "மனுஷன். சோணை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

25-3, செவ்வாய்

பொன்னுத்தாயி வீட்டுக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஆள் விசாரித்துப் போக வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காரவில்லை.

நம்பர் தெரிந்துவிட்டது என்றேன். அவள் முகம் மலர்ந்தது, அதைப் பார்த்தது போதும் எனக்கு இந்த ஜென்மத்துக்கு. யாரு சிஸ்டர் என்றாள். வாயால் சொல்ல வரவில்லை. நோட்டைத் திறந்து 11ஆம் தேதியை அப்படியே படித்தேன். 6.50க்கு வந்தார் என்பதை, காப்பி போட்டதை, 7.05க்கு பிரஷர் பார்த்ததை. அப்புறம் துணியை எரித்தது, காரை உடைத்தது, எல்லாம். நடுவில் நிறுத்தவில்லை.

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து சொன்னாள்.

"அந்நேரம் அவரு உசுரோடதான் கெடந்தாரு. நீங்க காப்பி போட்டுக்கிட்டு இருந்திருக்கீக."

ஆமாம் என்றேன்.

பெரிய மகளைக் கூப்பிட்டாள். நம்பரை ஒரு தாளில் எழுதச் சொன்னாள். எழுதியதும் போங்க என்றாள். சிஸ்டர் என்று சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக ஸ்டேஷன். 12.35க்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

26-3, புதன்

சத்தியா போனில் அழுதாள். "அப்பாவ நீயே புடிச்சுக் குடுத்துட்டியேம்மா" என்றாள். அதற்கப்புறம் போன் இல்லை. அவர் என் கையால் சாப்பிடுவதில்லை. ஹோட்டலில் இட்லி வாங்கி வந்து தின்கிறார், அதில் உப்பு அதிகம்.

3-4, வியாழன்

இது புது நோட்டு. பழையதை இன்று ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். துணியை எரித்ததற்கு என் பெயரும் கேஸில் சேரும் என்றார்கள். சேரட்டும். லட்சுமணனும் வந்து, நான் உடைக்கச் சொன்னதையும் விளக்கு உடைந்திருந்ததையும் சொல்லிவிட்டுப் போனான். என் பக்கம் திரும்பவே இல்லை.

பொன்னுத்தாயி வெளியே மர நிழலில் மகளோடு நின்றாள். இன்சூரன்ஸ் கேஸ் போடலாம் என்று அவள் வக்கீல் சொல்லிவிட்டாராம். யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

அவர் மாடு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் மாடுதான். கடைசியில் இன்ஸ்பெக்டர் நோட்டை அவர் கையில் கொடுத்தார். முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திருப்பினார். தெரியவில்லை. என்னிடம் நீட்டினார்.

"படி."

படித்தேன். 6.50. கோடு போட்டதையும், ஓரத்தில் எழுதியதையும் படித்தேன். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்றார். "நேரம் எழுதுறதுல அவ தப்ப மாட்டா."

வாக்குமூலத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். இடம் தெரியாததால் அவர் விரலைப் பிடித்து நான்தான் வைத்தேன். ஜாமீனில் விட்டார்கள்.

5.50க்கு வீட்டுக்கு வந்தோம். அவருக்கு 160/100. காப்பி போடவில்லை.