ஒற்றைக் கிளவுஸ்

ஒரகடம் கூட்டுரோடு,
வியாழக்கிழமை.

அன்புள்ள வீட்டுக்காரருக்கு இசைவாணி எழுதுவது.

ஸ்தோத்திரம். நானும் மதியும் சுகம், கடையும் சுகம். கோயம்புத்தூர்க் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிறவருக்கு எதற்குக் கடிதம் என்று சிரிக்காதீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே, "அப்பால பேசறேன், டீம்ல கூப்புடறாங்கோ" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதம் அப்படி இல்லை. பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும்.

வல்லம் வடகாலில் புதிதாக வந்திருக்கிற பம்பு கம்பெனிக்கு சேஃப்டி ஷூ சப்ளை நமக்கே கிடைத்துவிட்டது. அங்கே இருக்கிற மேனேஜர் சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சீப்பான மால் மாதிரி இருக்கிறதே என்றார். அவர் மேசைமேல் அழகுக்கு வைத்திருந்த பம்பைத் தூக்கி ஷூவின் மூக்கில் போட்டேன். ஷூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்புக்கு என்ன ஆனது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மதி நன்றாகப் படிக்கிறாள். ஆனால் கொஞ்ச நாளாக இடது கையில் டம்ளர் பிடிக்கிறாள். அதட்டினேன். "அப்பா மட்டும் அந்தக் கையிலதான குடிக்கிறாரு" என்கிறாள். உங்களிடமே கேட்கச் சொல்லிவிட்டேன்.

உங்கள் ரேஸ் காரில் பெயர் போட்டிருந்த படப்பை மனைக் கம்பெனி போர்டைக் கழற்றிவிட்டார்கள். ஏரித் தண்ணீர் நிற்கிற இடத்தில் மனை போட்டவன் எத்தனை மழை தாங்குவான் என்று அன்றைக்கே கேட்டேன். ஸ்பான்சரைக் குறை சொல்லாதே என்று என்மேல் விழுந்தீர்கள். அவன் போனான், அவன் பின்னாலேயே பழைய டீமும் போனது. அதற்கெல்லாம் முன்னால் ஒரு வருடம் நீங்கள் முதலாவதாக வந்துகொண்டிருந்தபோது, கடைசிச் சுற்றில் இன்ஜின் நின்றது. போன சீசனில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், நம் வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், டயர்ச் சுவரில் மோதி வலது மணிக்கட்டு உடைந்தது. எதற்கும் நான் மூக்கைச் சிந்தவில்லை. கடை என்றால் சரக்கு நனையும், பார்ட்டி கம்பி நீட்டுவான், மறுநாள் ஷட்டரைத் தூக்கித்தான் ஆகவேண்டும். நீங்களும் ஒவ்வொரு தடவையும் தூக்கினீர்கள். அந்தக் குணம் பிடித்துத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன்.

நம் வாடிக்கை நடேசன் அண்ணன், புது லாரிகளை ஓட்டிச் சோதிக்கிற இடத்தில் சூப்பர்வைசர், ஆள் வேண்டும் என்று மறுபடியும் வந்தார். "லாரி ஓட்னா சாம்சனுக்கு கௌரவம் கொறஞ்சிடுமா? இன்னாம்மா இது" என்று கேட்டார். நீங்கள் புது டீமில் சேர ஒரு பெரிய டெஸ்ட்டுக்குப் போயிருக்கிறீர்கள் என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். உங்களை விட்டுக்கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கடை எப்படி எழுந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜோடியாகத்தான் தருவோம் என்று மற்ற கடைக்காரர்கள் பிடிவாதமாக நின்றபோது, கிளவுஸை ஒற்றையாக விற்றவள் நான். "யக்கா, ரைட்டு மட்டும் குடு, லெஃப்டு புச்சாவே கீது" என்று ஷிஃப்ட் முடிந்து வருவார்கள். யாரைக் கேட்டாலும் வலதுதான் தேய்ந்திருக்கும். மீந்துபோன இடது எல்லாம் மாடியில் சாக்குச் சாக்காகக் கிடக்கிறது. இடது கைக்காரன் ஒருவன் கடைக்கு வந்தால் எனக்கு அன்றைக்குப் பண்டிகை. தேய்ந்த கிளவுஸைக் கையில் கொடுத்தால், ஆள் எந்த மெஷினில் நிற்கிறான் என்று சொல்லிவிடுவேன்.

நீங்கள் துவைக்கப் போட்டுவிட்டுப் போன பயிற்சிக் கிளவுஸை எடுத்தேன். இடது உள்ளங்கை நூல் தெரியத் தேய்ந்திருக்கிறது. வலதில் கட்டைவிரல் பக்கம் மட்டும்தான் தேய்மானம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் கவரைப் பிரித்து எடுத்த மாதிரி இருக்கின்றன.

விரல் மரத்துப்போகிறதா என்று ரேஸ் லைசென்ஸுக்குப் பார்த்த டாக்டர் கேட்டாராம், இல்லை என்று சொன்னீர்களாம். "கையக் குலுக்கனாரு, இறுக்கிப் புடிச்சேன், கையெழுத்துப் போட்டாரு" என்று போனில் சிரித்தீர்கள். எந்த விரலால் இறுக்கினீர்கள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். இதை விட்டால் வேறு டீம் கூப்பிடாது என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் ஓட்ட விடமாட்டார்கள், அதுவும் தெரியும். ஓட்டாதீர்கள் என்று நான் எழுதவில்லை. சொல்லிவிட்டு ஓட்டுங்கள் என்கிறேன். தையல் விட்ட ஷூவை நல்ல ஷூ என்று நான் யார் தலையிலும் கட்டியதில்லை. போட்டுக்கொள்கிறவன் கால் போய்விடும். உங்கள் பக்கத்தில் காரை ஒட்டி வருகிறவனுக்கும் வீட்டில் ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள்.

ஸ்ரீபெரும்புதூரில் நரம்பு டாக்டரைப் பார்த்து, ஆள் பெயர் சொல்லாமல் விசாரித்தேன். அமுங்கின நரம்பாக இருந்தால் சீக்கிரம் காட்டினால் சரியாவதற்கு வழி இருக்கிறது, தள்ளிப்போட்டால் விரல் போனது போனதுதான் என்றார். சரியானால் காரை ஓட்டுங்கள். இல்லையென்றால் லாரி இருக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் கடை இருக்கிறது. நீங்கள் எதை ஓட்டினாலும் எனக்கு வெட்கம் இல்லை.

அந்தக் கிளவுஸ் ஜோடியை இந்தக் கடிதம் வருகிற பார்சலிலேயே வைத்திருக்கிறேன், துவைக்கவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்றால் அந்த லைசென்ஸ் டாக்டர் மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள்.

கர்த்தர் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

இதற்குப் பதிலாகப் போன் செய்ய வேண்டாம். ஒரு தாளில் இரண்டு வரி எழுதி, போட்டோ எடுத்து சனிக்கிழமைக்குள் அனுப்புங்கள். வலது கையால் எழுதுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன்.

உங்கள்
இசைவாணி