வெட்டிய மூன்று நூல்கள்

அன்பு மகள் ரெனிட்டாவுக்கு ஓசூரிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் வாய் மட்டும் தேவைக்கு மேல் சுகம். ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ. நீ கம்ப்யூட்டரில் விமான இறக்கைமேல் காற்றை ஓடவிட்டுச் சிவப்பும் நீலமுமாக அனுப்பிய படத்தை அப்பா பிரிண்ட் போட்டு, எங்கள் கல்யாண போட்டோவைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் மாட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி வேறு, என் மக காத்தையே கண்ணுக்குக் காட்டிட்டா என்று. பாஸ்டர் ஆமென் சொல்லிவிட்டார், அப்பாவுக்கு அதற்குமேல் நிரூபணம் வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் நீ போனில் அழுதது அவருக்குத் தெரியாது. பன்னிரண்டு டிகிரி சாய்வு வரைக்கும் உன் கணக்கும் நிஜக் காற்றடித்து அளந்த கணக்கும் ஒத்துப்போகிறது, அதற்குமேல் சாய்த்தால் நிஜ இறக்கை தூக்குகிற பலம் குறைந்து சோர்ந்துவிடுகிறது, உன் கோடு மட்டும் ஜம்மென்று ஏறுகிறது என்றாய். ஒத்துவராத கடைசி மூன்று புள்ளிகளை விட்டுவிட்டு கிராஃபை முடித்துவிடு, சாருக்குத் தெரியாது என்று கூடப் படிக்கிற மேக்ஸ்வெல் சொன்னானாம். உண்மையைச் சொன்னால் திரும்பச் செய்ய வேண்டும், கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது, நீ வந்தால் போதும் என்றிருந்தது.

இதற்குள் சபை வாசலில் யாரோ, இது நெசமா வெறும் படமா என்று அப்பாவைக் கேட்டுவிட்டார்கள். விடுவாரா? தெர்மாகோலை அறுத்து இறக்கை செய்து, உன் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து வரிசையாக நூல் ஒட்டினார். காற்று போகிற பக்கம் நூல் படுக்குமாம், யூடியூபில் பார்த்தாராம். எதிர்வீட்டுத் திம்மராயனின் குட்டியானை வண்டியில் பின்னால் ஏறி நின்று கெலவரப்பள்ளி ரோட்டில் ஐம்பதில் விரட்டச் சொன்னார், அவர் விழுந்துவிடாமல் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஏனண்ணா, யாருக்குப் பொண்ணு பாக்கப் போறோம் என்று கேட்டான் திம்மராயன். முதலில் நூலெல்லாம் சமர்த்தாகப் படுத்திருந்தன. இறக்கையை நன்றாகச் சாய்த்ததும் பின்பக்கத்து மூன்று மட்டும் எழுந்து, திரும்பி, ஆட்டம் போட்டன. உன் படத்தில் அதே இடத்தில் காற்றின் கோடுகள் வழவழவென்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்பா முழித்தார். நூலு சரியில்ல சாரா என்றார். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து மூன்றையும் வெட்டிவிட்டு, இப்ப பாரு, அச்சு அசலா படம் மாதிரியே இருக்குது என்கிறார்!

சிரித்தேன், உடனே மேக்ஸ்வெல் உன்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் நிற்கிறேன், அளவுக்கு வராத ஒரு பீஸைக்கூட மேஜைக்கு அடியில் தள்ளியதில்லை. அன்றைக்குப் போனில் பேசாமல் இருந்து அந்த மூன்று புள்ளிகளை உன்னைத் தள்ளவிட்டேனே, அது என் தப்பு. மூன்று புள்ளியையும் போடு கண்ணு. எங்கே ஒத்துவரவில்லை என்று உன் பேரைப் போட்டு எழுது. சார் திட்டினால் திட்டட்டும். நீ வராத கிறிஸ்துமஸ் எனக்குக் கசக்கத்தான் செய்யும், இருந்துவிட்டுப் போகட்டும். மாம்பழ சீசனுக்கு வா.

வேளைக்குச் சாப்பிடு, ஆண்டவர் உன் கூடவே இருப்பார். வெட்டின மூன்று நூலையும் குப்பையில் தேடி எடுத்து இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டிவை.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க ஏங்கும் அம்மா,
சாராள்