பொன்னுத்தாய் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி

இயேசு மரி சூசை
ஆவூர், 3.3.2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, அடைக்கலமேரி எழுதிக்கொள்வது.

உங்கள் அம்மா அடக்கத்துக்கு வந்தவர்கள்: பங்குச் சாமியார், உபதேசியார், குழி வெட்டிய இருவர், நான், பொன்னுத்தாய். ஆக ஆறு பேர். கொலைகாரன் வீட்டுச் சாவென்று ஊரில் வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் அடித்துக் கொன்ற உடையப்பனின் மனைவிதான் வந்து ஒரு கை மண் போட்டாள்.

ஏன் என்பீங்க. உலை வைக்கும்போது கோவிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்போமே, நீங்க உள்ளே போனதிலிருந்து அதை அவள் வாசலில் வைத்துவிட்டு வாரேன். முதல் வருஷம் கோழிக்குப் போட்டாள். நாலு வருஷத்தில் ஒரு நாளும் தவறவில்லை, நோட்டில் குறித்திருக்கிறேன்.

மாத்திரையை மறக்காதீங்க.
அடைக்கலமேரி

திருச்சி ஜெயில், 14.3.2024

அன்புள்ள மேரிக்கு,

அம்மா முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஆனாலும் உன் அரிசி வேலை செய்துவிட்டது. உடையப்பன் அரிவாளோடுதான் வந்தான், உயிருக்குப் பயந்துதான் நான் மண்வெட்டியைத் தூக்கினேன் என்று பொன்னுத்தாய் கையெழுத்துப் போட்டால் அப்பீலில் வெளியே வந்துவிடலாம் என்கிறார் வக்கீல். நீ கேட்டால் போடுவாள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பேன்.
இஞ்ஞாசி

இயேசு மரி சூசை
ஆவூர், 20.3.2024

அன்புள்ளவருக்கு,

கேட்டேன். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாலு வருசமா அரிசி வச்சியே, ஒரு நாளாச்சும் எதாச்சும் கேட்டியா? இன்னைக்குத்தான் கேக்குற. சரி, போடுறேன். மொதல்ல ஒம்புருசன், ஒங்க சாமி மேல ஆணையா, எம்புருசன் கையில அருவா இருந்துச்சுன்னு தன் கையால எழுதட்டும். அதுக்குக் கீழ போடுறேன்."

அவள் கீழே வைத்த முறத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னொன்று. கல்யாணத்திலிருந்து வீட்டுச் சாமான் கணக்கு என் நோட்டில் இருக்கிறது. அரிவாள் மூன்று. நேற்று எண்ணினேன், இரண்டுதான். நாலு வருஷமாக எண்ணாமலே இருந்திருக்கிறேன்.

நீங்களே எழுதுங்க.
அடைக்கலமேரி

திருச்சி ஜெயில், 2.4.2024

மேரி,

பெரிய வெள்ளியன்று எழுத உட்கார்ந்தேன். ஆண்டவர் மேல் ஆணையாக என்பதோடு நின்றுவிட்டது. உடையப்பன் வயலுக்குத் தண்ணீர் போகாமல் கண்மாய் மடையை அடைத்தது நான். கேட்க வந்தவன் வெறுங்கையோடு வந்தான். அவன் விழுந்த பிறகு நம் வீட்டு அரிவாளைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டேன். வக்கீலிடமும் சொல்லிவிட்டேன், அப்பீல் வேண்டாமென்று.

இதைப் பொன்னுத்தாய்க்குப் படித்துக் காட்டு. இனி என்னைப் பார்க்க வராதே.
இஞ்ஞாசி

இயேசு மரி சூசை
ஆவூர், 9.4.2024

அன்புள்ளவருக்கு,

படித்துக் காட்டினேன். "வெறுங்கைன்னா எழுதியிருக்கு? அத மட்டும் திரும்பப் படி" என்றாள். நாலு தடவை படித்தேன். தாளை வாங்கி உடையப்பன் படத்துக்குப் பின்னால் செருகினாள். நான் எழுந்தபோது, "இனிமே அரிசி கொண்டாராத மேரி. ஒம்புருசனும் வரமாட்டான். அந்த அரிசி ஒனக்கே வேணும்" என்றாள்.

ஒளிக்காமல் சொல்கிறேன். ஒவ்வொரு பிடியும் உங்களைத் திருப்பிக் கேட்டு வைத்ததுதான். ஆண்டவர் உங்களைத் தரவில்லை. உங்கள் கையால் உண்மையைத் தந்தார். தந்தது பெரிசுதான், என்னால்தான் தாங்க முடியவில்லை. இன்றைக்கும் உலை கொதிக்கையில் பழக்கத்தில் ஒரு பிடி எடுத்துவிட்டேன். சட்டியிலும் போடவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை, கிண்ணத்தில் கிடக்கிறது.

வராதே என்றால் வரவில்லை. சாப்பிடுறீங்களா, மாத்திரை போடுறீங்களா, அதை மட்டுமாவது சீக்கிரம் பதில் எழுதுங்க.
அடைக்கலமேரி