அம்மாவுக்கென்று வைத்த கணக்கு

மோனிஷா கண்ணு,

நாவலூர் ஆபீஸில் இன்று ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி போட்டுவிட்டார்கள், கிளம்புகிறேன். உன்னைப் பெற்ற அம்மா குரோம்பேட்டையிலிருந்து பதினொரு மணிக்கு வந்துவிடுவார்கள். சிக்கன் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. சூடு பண்ணி அவர்களுக்கும் போடு. வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டு ஷம்சாத் அக்காவிடம் கொடு.

இந்த வாரம் காரணிப்படுத்தும் கணக்கெல்லாம் நாம் இருவரும்தான் போட்டோம். நேற்றுக் கடைசிக் கணக்குக்கு, 6x² + 11x − 10, நான் பென்சிலை எடுத்ததும் நோட்டை மூடிவிட்டாய்.

"இத விடுங்க சித்தி. நாளைக்கு அம்மாகிட்ட கேட்டுக்கறேன்."

"அப்ப நான் எதுக்குடி இருக்கேன்?" என்று கத்திவிட்டேன்.

"அவங்க வாரத்துல ஒரு நாள்தானே வர்றாங்க" என்று நீ அழுதாய்.

எனக்குப் பொறாமைதான். மற்ற நாளெல்லாம் உன்னை எழுப்பவே தொண்டை வற்றுகிறது. ஞாயிறு மட்டும் நீயே எழுந்து, தலை சீவி, பால்கனியில் போய் நிற்கிறாய்.

காலையில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பெருக்கினால் மைனஸ் அறுபது, கூட்டினால் பதினொன்று வருகிற இரண்டு எண்களும் கிடைத்தன. உன் நோட்டில் விடையை எழுதினேன். அப்புறம் ரப்பரால் அழித்துவிட்டேன். அவர்களிடமே கேள்.

சித்தி

கேஸை மூட மறக்காதே.

அவர்கள் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சாயங்காலம் என்னிடம் சொல்ல வேண்டாம்.

சரி, சொல்.