கட்சிக்கு மூன்று நாள் துக்கம்

அலெப்போ, மார்ச் 1958

என் கண்ணே விதாத், எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையுமில்லை, பிரேசிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க இறைவன் அருளட்டும். எகிப்தோடு நம் நாட்டைச் சேர்த்த கையோடு கட்சிகளையெல்லாம் கலைத்துவிட்டார்கள், உன் அப்பாவின் கட்சியும் போயிற்று. கட்சி என்கிற என் சக்களத்தி ஒழிந்தாள் என்று எனக்குச் சந்தோஷம்தான், உன்னிடம் மறைப்பானேன். ஆனால் இந்த மனிதர் அலுவலகப் பெயர்ப்பலகையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கூடத்தில் சாத்திவைத்து, "மூணு நாளைக்குக் காப்பியில சக்கரை போடாதே நஸிஹா, துக்கம் கேக்க ஆளுங்க வருவாங்க" என்றார். என் அம்மா செத்தபோது ஒரே நாள் கசப்புக் காப்பி கொடுத்துவிட்டு, மறுநாளே இத்லிப் ஊரில் தேர்தல் கூட்டம் என்று கிளம்பிப் போனவர் இவர். என் வயிறு எரியாதா?

அந்தச் சக்களத்தி தேர்தலில் ஜெயித்த வருஷம் உனக்கு நினைவிருக்கும், வாசலில் செருப்பு கொள்ளாது, பேச்சுச் சுதந்திரம், அரசியல் சட்டம் என்று கூடத்தில் இவரும் கட்சிக்காரர்களும் முழங்க நான் அடுப்படியில் கிப்பே கறியுருண்டை பொரித்தே ஓய்ந்தேன், என்னிடம் ஒரு வார்த்தை பேச இவருக்கு நேரமிருக்காது. பிறகு ராணுவ ஆட்சி வந்தது, இளவட்டங்கள் இன்னும் சத்தமாகப் பேசுகிற கட்சிகளுக்குப் போய்விட்டார்கள், இவர் மட்டும் காலி அலுவலகத்தைத் தினமும் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். இப்போது துக்கத்துக்கு முதல் நாள் வந்தவர் வக்கீல் சுப்ஹி ஒருவர்தான், அவரும் "தெருவுல போலீஸ்காரன் நிக்கிறான் ஷாகிர், நான் வரேன்" என்று பாதிக் கோப்பையை வைத்துவிட்டு ஓடினார். நேற்று யாருமில்லை. இன்று காலையிலிருந்து உன் அப்பா கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே கடிதத்தை நிறுத்திவிட்டுப் போனேன். பார்க்கப் பொறுக்கவில்லை, கறுப்பு முக்காட்டைப் போட்டுக்கொண்டு பின்கதவு வழியே சுற்றிப் போய்த் தெருக்கதவைத் தட்டினேன். ஓடிவந்து திறந்தார். அந்த மலர்ச்சி என்னைக் கண்டதும் வாடிவிடும் என்று நினைத்தேன், வாடவில்லை. "கடவுள் அவளுக்கு இரங்கட்டும்" என்று சொல்லி விருந்தாளி மாதிரி எதிரே உட்கார்ந்தேன், தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார், கசப்பை மிச்சமில்லாமல் குடித்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "நான் போனா எனக்கு எத்தனை நாள்? எங்கம்மாவுக்கு மாதிரி ஒண்ணுதானா?" என்று கேட்டேவிட்டேன். கறுப்புக் கோட்டைக் கழற்றி அந்தப் பெயர்ப்பலகைமேல் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அங்கே கால் வைக்காதவர். "நஸிஹா, சக்கரை எங்க வச்சிருக்கே?" என்று கேட்டுக்கொண்டு டப்பா டப்பாவாகத் திறக்கிற சத்தம் வருகிறது.

பேரனுக்கு என் முத்தம், நீங்கள் எல்லோரும் நீடூழி வாழ வேண்டும். பதில் போடும்போது உறைமேல் என் பெயரையும் எழுது, அவர் பெயர் மட்டும் வேண்டாம். சர்க்கரை எங்கே என்று நான் இன்னும் சொல்லவில்லை, கொஞ்சம் தேடட்டும்.

உன் அம்மா,
நஸிஹா