அலறல் வேஷம்

1962 ஜனவரி 9, செவ்வாய்
ரயில்வே டிக்கெட் கவுன்டரில் தேய்ந்துகொண்டிருந்த எனக்கு ஒரு வேஷம் கிடைத்துவிட்டது. பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்தில், மாலை நேரத்தில். விளம்பரம் பார்த்து வருகிறவர் கேள்வி கேட்பார். நான் பக்கத்து அறையில் நாற்காலியில் கட்டுண்டு தப்பான பதில் சொல்வேன். ஒவ்வொரு தப்புக்கும் அடுத்த, இன்னும் பலமான ஸ்விட்சை அழுத்தி ஷாக் கொடுப்பார். மின்சாரமே கிடையாது, அது அவருக்குத் தெரியாது. பேராசிரியர் "தொடருங்க" என்றால் மனுஷன் எவ்வளவு தூரம் போவான் என்று பார்க்கிறார்கள். நான் அலறினால் போதும். என் மனைவி நொரீன் சிரிக்கிறாள்: "வீட்ல இத்தனை வருஷமா சும்மாதானே கத்தினீங்க."

ஜனவரி 23
இன்று பிரமாதம். வந்தவர் பிலார்ஸ்கி, பேக்கரிக்காரர். நெஞ்சு வலிக்குது, விட்டுடுங்க என்று கதறினேன். பிறகு, சொல்லிக்கொடுத்தபடி, சத்தமே இல்லை. அழுதுகொண்டே கடைசி ஸ்விட்ச் வரை அழுத்தினார். பேராசிரியர் என் தோளைத் தட்டினார். "ஊர்ல பேச்சு பரவிடும், எல்லாம் முடியறவரைக்கும் யாருக்கும் உண்மை சொல்றதில்ல. அவர் கடைப் பக்கம் தலை காட்டாதீங்க."

பிப்ரவரி 6
மூன்று வகை அலறல் கைவசம்!

மார்ச் 1, வியாழன்
ஈஸ்டர் நோன்புக்கு முன் எங்கள் ஊர்ப் போலந்துக்காரர்கள் ஜாம் டோனட் தின்று தீர்க்கும் நாள். நொரீன் வெறுங்கையோடு வந்தாள். பிலார்ஸ்கி கடை மூடியிருக்கிறது, இன்றைக்குப் போய். "ஒரு மாசமா அடுப்பே பத்த வைக்கலையாம். யாரையோ கொன்னுட்டேன்னு பொண்டாட்டிகிட்ட அழறாராம்."
யாரையோ இல்லை. என்னை.

மார்ச் 2
பேராசிரியரிடம் சொன்னேன். "இன்னும் மூணு மாசம்தான், பொறுங்க." மூணு மாசமா? அதுக்குள்ள அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆயிட்டா? நாளைக்கே போறேன். என்னைப் பார்த்ததும் எப்படிக் குதிப்பார். மனசு நிலைகொள்ளல.

மார்ச் 3
பின்கதவைத் திறந்தவர் என் தோளை, கைகளை அழுத்தி அழுத்திப் பார்த்தார். எல்லாம் நடிப்பு என்றேன். சிரித்தார், அழுதார், பிறகு மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "நீங்க உசுரோட இருக்கீங்க, சந்தோஷம். ஆனா நான் அழுத்தினேனே?"
சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.
"என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர்?"
"முப்பத்தொண்ணு."
கைகுலுக்கிப் பேர் சொல்லித்தான் எல்லாரும் அறிமுகமானோம். ஒரு பேரும் மறக்கவில்லை. அவர் பட்டியல் எழுதக் காகிதம் எடுத்தார்.

மார்ச் 11, ஞாயிறு
வேஷத்தை விட்டுவிட்டேன். பேக்கரி அடுப்பு எரிகிறது, பட்டியல் பார்த்துக் கூப்பிட்டதில் இதுவரை பத்தொன்பது பேர் வந்தாயிற்று. என்ன கூட்டம், என்ன கட்டிப்பிடிப்பு. ஒருவர் அடிக்கவே வந்தார். ஒரு தபால்காரர் மட்டும் என் மணிக்கட்டை விடவில்லை. "ஆனா அழுத்தினேனே," என்றார்.
பிலார்ஸ்கி அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.
"நானும்தான். உக்காருங்க, ரொட்டி சூடா இருக்கு."